வாத்துக்குக் குளிராதா?

தை மாதம் விடிகிற நேரத்தில் சுவாமிமலையிலிருந்து கபிஸ்தலம் போகும் பக்கம் வந்தால், சம்பா அறுத்த வயல்களில் சில சமயம் வாத்துக் கூட்டம் இறங்கியிருக்கும். வலை கட்டிய பட்டிக்குள் நூற்றுக்கணக்கான வாத்துகள். பக்கத்தில், மூங்கில் கழியில் தார்ப்பாய் போட்ட ஒரு கூடாரம். வாத்து மேய்ப்பவர்களுக்கு அதுதான் வீடு. வயலில் சிந்திய நெல்லும் நத்தையும் தீர்ந்ததும் வீட்டைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். பட்டியைத் திறந்ததும் வாத்துகள் நேராக வாய்க்காலில் இறங்கும். மேய்ப்பவரோ தலையில் துண்டைச் சுற்றி, போர்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு நிற்பார். அவருக்கு நடுக்கம், வாத்துக்கு நீச்சல். எப்படி?

முதலில் ஒரு கணக்கு. நம் உடம்பின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். நம் பக்கத்துத் தை விடியலில் காற்று 20 டிகிரியை ஒட்டி இருக்கும். வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் ஓடும். தூங்கும்போதுகூட நம் உடம்பு 70, 80 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. போர்வைக்குச் சொந்தச் சூடு கிடையாது. அதன் நூல்களுக்கு நடுவே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் நம் சூட்டைப் பிடித்துவைக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். தண்ணீர் அதைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாகக் கடத்தும். நனைந்த போர்வை ஏன் உதவாது என்று இப்போது தெரிகிறதா?

வாத்தின் உடம்பு நம்மைவிடச் சூடானது, 41 டிகிரிக்கு மேல். அதன் மேல்சிறகுக்கு அடியில் பஞ்சு போன்ற மென்சிறகு அடர்த்தியாக இருக்கும். காற்று அங்கேதான் சிக்கியிருக்கிறது. வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து அலகால் எண்ணெயை எடுத்து, வாத்து தன் சிறகெல்லாம் பூசிக்கொள்ளும். ஒழுங்காகக் கோதிய சிறகுக்குள் தண்ணீர் நுழையாது. அதனால் உள்ளே இருக்கும் காற்றும் நனையாது.

சரி, கால்? அதில் சிறகே இல்லையே! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வாத்தின் காலில், கீழே இறங்கும் இரத்தக் குழாயும் மேலே ஏறும் இரத்தக் குழாயும் ஒன்றையொன்று ஒட்டியே ஓடுகின்றன. பாதத்திலிருந்து குளிர்ந்து திரும்பும் இரத்தம், உடம்பிலிருந்து வரும் சூடான இரத்தத்தின் வெப்பத்தை வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. பாதத்துக்குப் போய்ச் சேர்வது ஏற்கெனவே ஆறிய இரத்தம். தண்ணீரிடம் இழக்க அதில் அதிகச் சூடு இல்லை. உறைந்த ஏரிமேல் நிற்கும் வாத்துகளையும் காப்பாற்றுவது இந்த ஏற்பாடுதான்.

கூடாரத்தில் படுக்கும் மனிதருக்கு இப்படி எதுவும் இல்லை. அவர் சூட்டை அதிகம் உறிஞ்சுவது ஈரத் தரை. உடம்பின் எடையில் அடியிலுள்ள போர்வை நசுங்கி, அதன் காற்று வெளியேறிவிடும். அதனால்தான் கீழே வைக்கோலைக் கனமாகப் பரப்ப வேண்டும். நெல்லின் தாள் உள்ளே குழல், எளிதில் நசுங்காது. தாளுக்குள்ளும் காற்று, தாள்களுக்கு இடையிலும் காற்று. சினிமா படப்பிடிப்பில் நிற்கும் கேரவனைப் பார்த்திருப்பீர்கள். கனடாவில் அதுபோன்ற சக்கர வீடுகளிலேயே பனிக்காலத்தைக் கழிப்பவர்கள் உண்டு. அங்கே சில இடங்களில் காற்று மைனஸ் 30 டிகிரிக்கும் போகும். அவர்களில் சிலர் வண்டியின் அடியில் குளிர்காற்று நுழையாமல் சுற்றிலும் வைக்கோல் கட்டுகளை அடுக்கி அடைக்கிறார்கள். நம் வயல் அறிவியல்தான் அங்கேயும்!

அடுத்தது கூரை. மேகமில்லாத இரவில் தரையும் இலையும் கூரையும் தங்கள் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு அனுப்பிவிட்டு, காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. அந்தக் குளிர்ந்த பரப்பில் காற்றிலுள்ள ஈரம் படிவதுதான் நாம் காலையில் பார்க்கும் பனித்துளி. வெட்டவெளியில் நிறுத்திய சைக்கிளின் சீட் நனைந்திருக்கும். மரத்தடியில் நிறுத்தியது காய்ந்திருக்கும். மரம் தன் வெப்பக் கதிரைக் கீழே அனுப்பி, சைக்கிளை அவ்வளவு குளிரவிடாது.

தார்ப்பாயும் அப்படியே குளிர்கிறது. உள்ளே தூங்குபவரின் மூச்சாலும் தோலாலும் ஒரு ராத்திரியில் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியாகும். கூடாரத்தை இறுக்க மூடினால் அந்த ஆவி தார்ப்பாயின் உட்பக்கம் படிந்து, சொட்டிப் போர்வையை நனைக்கும். அதனால் காற்று வீசாத பக்கம் மேலே கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். குளிர் நாட்டுக் கேரவன்களின் கூரையிலும் காற்றுப் போக வழி விட்டிருப்பார்கள்.

குளிருக்குக் கங்குச் சட்டியை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கலாமே என்று யாராவது சொன்னால், கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூங்குபவர் எழாமலே போய்விடலாம். நெருப்பு கூடாரத்துக்கு வெளியேதான். படுக்கும் முன் அதையும் அணைத்துவிட வேண்டும்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். மூன்று எவர்சில்வர் டம்ளரில் பெரியவர்களை வெந்நீர் ஊற்றித் தரச் சொல்லி, மூன்றையும் தட்டால் மூடுங்கள். ஒன்று சும்மா இருக்கட்டும். இன்னொன்றைச் சுற்றிக் காய்ந்த வைக்கோலைக் கனமாகக் கட்டுங்கள். மூன்றாவதற்கு நனைத்த வைக்கோல். அரை மணி நேரம் கழித்து ஒவ்வொரு தண்ணீரிலும் விரலை வைத்துப் பாருங்கள். எது முதலில் ஆறியது, எது கடைசிவரை தாக்குப்பிடித்தது என்று நோட்டில் எழுதி வையுங்கள்.