யார் முதலில் சுட்டது?

புதிய ஆன்லைன் கேம் ஒன்று வெளியான முதல் வாரத்தில் ஆட்டக்காரர்களிடையே மூளும் சண்டைகளைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு வகை தேறும். ஆட்டத்தை அமைத்த விதம் சரியில்லை என்பது ஒன்று. மேப் தேவைக்கு மேல் பெரிது, காசு கொடுத்தவனுக்கே நல்ல ஆயுதம், எதிரே வருவது ஆளா, கணினியே இயக்கும் பாட்டா (bot) என்று தெரியவில்லை என்பதெல்லாம் இதில் வரும். ஆட்டம் ஓடும் விதம் சரியில்லை என்பது மற்றது. லேக் அடிக்கிறது, பிங் சிவப்பாகிறது, போன் சுடுகிறது. முதலாவதை ரசனை பற்றிய விவாதமாகவும், இரண்டாவதை அப்டேட்டில் தீரும் கோளாறாகவும் எடுத்துக்கொள்வது வழக்கம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் சாலையில், வளைவுக்கு வளைவு டவர் வந்து போகும் போனை வைத்திருப்பவருக்கு இந்தப் பிரிவினை அவ்வளவாகப் பொருந்தாது. எந்த போனையும் எந்த டவரையும் மனத்தில் வைத்து ஆட்டத்தைக் கட்டினார்கள் என்பதும் அமைப்பைப் பற்றிய கேள்விதான்.

அமைப்பு பற்றிய சண்டைக்கு இந்தியாவில் ஃபௌஜி என்ற கேமைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்தது. இரண்டே நாளில், பெங்களூரைச் சேர்ந்த என்கோர் கேம்ஸ் உருவாக்கும் ஃபௌஜியை நடிகர் அக்‌ஷய் குமார் அறிவித்தார். பப்ஜிக்கு இந்தியாவின் பதில் என்றே அது பேசப்பட்டது. 2021 ஜனவரி 26 அன்று டவுன்லோடு செய்தவர்களுக்குக் கிடைத்ததோ, கல்வான் பள்ளத்தாக்கில் ஒற்றை வீரனாகக் கைகலப்பில் இறங்கும் கதை. நண்பர்களோடு சேர்ந்து ஆட வழியில்லை, துப்பாக்கியும் இல்லை. பிளே ஸ்டோரில் அதன் நட்சத்திர மதிப்பீடு சில நாட்களிலேயே சரிந்தது.

துப்பாக்கி இல்லாததற்குக் காரணம் இருந்தது. 2020 ஜூனில் கல்வானில் நடந்த இந்திய-சீன மோதலே துப்பாக்கிச் சூடு இல்லாத கைகலப்புதான். ஆக, அமைப்பாளர்கள் நடந்ததற்கு உண்மையாக இருந்தார்கள். ஆட்டக்காரர்கள் அறிவிப்பு கிளப்பிவிட்ட எதிர்பார்ப்புக்கு உண்மையாக இருந்தார்கள். ஒரு புதிய கேமின் மீது விழும் அடியில் பாதி, கேமுக்கு முன்னால் வந்த விளம்பரத்துக்குச் சேர வேண்டியது. குழுவாக மோதும் ஆட்டமுறை 2021 ஜூனில்தான் ஃபௌஜிக்குள் வந்தது, அதுவும் சோதனை வடிவில். அதற்குள் கூட்டம் கலைந்திருந்தது. ஜூலை 2 அன்று கிராஃப்டன் நிறுவனம் பப்ஜியை பி.ஜி.எம்.ஐ என்ற பெயரில் இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் புனேயின் சூப்பர்கேமிங் நிறுவனம் இண்டஸ் என்ற, கடைசிவரை தாக்குப்பிடிப்பவர் ஜெயிக்கும் பேட்டில் ராயல் வகைக் கேமை வெளியிட்டபோதும் முதல் கேள்வி, ‘பி.ஜி.எம்.ஐ மாதிரி இருக்கா?’ என்பதாகவே இருந்தது. பழகிப்போன ஒரு ஆட்டம் மற்ற எல்லாவற்றுக்கும் அளவுகோலாகிவிடுவது புதியவர்களுக்கு நேரும் துரதிர்ஷ்டம்.

அமைப்பே ஊருக்கு ஊர் பாகுபாடு காட்டும் என்பதைப் போக்கிமான் கோ 2016-ல் காட்டியது. தெருவில் நடந்துபோய் ஆட வேண்டிய அந்தக் கேமில் பந்துகளையும் பொருள்களையும் தரும் இடங்கள், அதே நிறுவனத்தின் முந்தைய கேமான இன்கிரெஸை ஆடியவர்கள் பரிந்துரைத்த இடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. இன்கிரெஸ் ஆடியவர்கள் எங்கே திரண்டிருந்தார்களோ அங்கே, அதாவது நகரங்களில், அவை குவிந்தன. கிராமங்களில் ஆட்டம் வெறிச்சோடியது. உலகம் முழுக்கக் கிராமத்து ஆட்டக்காரர்கள் எழுப்பிய அந்தப் புகாரில் நெட்வொர்க் குற்றவாளியே அல்ல.

நெட்வொர்க் குற்றவாளியாகும் இடம் வேறு. ஜமுனாமரத்தூர் இருக்கும் ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. நகர வெளிச்சம் எட்டாத இடம் என்பதற்காகவும் வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் அங்குள்ள காவலூரை வானாய்வுக்குத் தேர்ந்தெடுத்தார், 2.34 மீட்டர் தொலைநோக்கி இன்றும் அங்கே இருக்கிறது. நட்சத்திரத்துக்கு வசதியான அதே ஒதுக்குப்புறம் செல்போனுக்கு வசதியில்லை. ரேடியோ அலை மேட்டில் மோதி நிற்கும், பள்ளத்தில் இறங்காது. மலைக்கு மேலே உள்ள டவர்கள் பலவும் ஃபைபரில் அல்லாமல் மைக்ரோவேவ் இணைப்பில் தொங்கிக்கொண்டிருப்பதும் நாடெங்கும் காணக்கூடியது.

ஆட்டக்காரர் இந்த இடத்தில் ஏமாறுவது ‘ஸ்பீடு’ விஷயத்தில். ஸ்பீடு டெஸ்டில் 10 எம்.பி.பி.எஸ். காட்டுகிறது, பிறகு ஏன் லேக்? துப்பாக்கிச் சண்டை கேம் ஒரு மணி நேரத்துக்குச் சில பத்து எம்.பி. டேட்டாதான் தின்னும். அதற்குத் தேவை அகலமான குழாய் அல்ல, தடைபடாமல் சொட்டும் குழாய். போனிலிருந்து கிளம்பிய தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம்தான் திரையின் ஓரத்தில் தெரியும் பிங். அது மில்லி விநாடியில் கணக்கிடப்படுகிறது. சர்வர் சிங்கப்பூரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபைபருக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 2002-ல் போடப்பட்ட ஐ2ஐ கேபிளின் நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லி விநாடி. எந்த அப்டேட்டாலும் இதைக் குறைக்க முடியாது. ஆனால் மலையில் பிங் 200-ஐத் தொடுவதற்குக் கடல் காரணமல்ல. போனுக்கும் டவருக்கும் இடையிலான கடைசிச் சில கிலோமீட்டர்தான் காரணம். சாயங்காலம் ஊரே ஒரே டவரில் வீடியோ பார்க்கும் நேரத்தில் தகவல் வரிசையில் காத்திருக்கிறது. 4ஜி நழுவி 2ஜிக்கு இறங்கினால் அரை விநாடி போய்விடும். பிங் நிலையாக 120-ல் இருந்தால்கூடக் கை பழகிக்கொள்ளும்; 60-க்கும் 300-க்கும் இடையே தாவுவதைத்தான் யாராலும் சமாளிக்க முடியாது.

‘நான்தான் முதலில் சுட்டேன்’ என்ற சண்டை இங்கிருந்து பிறக்கிறது. ஜமுனாமரத்தூரில் ஒருவர் 150 மில்லி விநாடி பிங்கில் ஆடுகிறார், சென்னையில் ஒருவர் 30-ல் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னைக்காரரின் பாத்திரம் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடிச் சுவருக்குப் பின்னால் மறைகிறது. மலைக்காரரின் திரையில் அது இன்னும் மறையவில்லை. தகவல் வந்து சேர்வதும் சுட்டது சர்வருக்குப் போவதுமாகச் சேர்ந்த தாமதத்தில் அந்தப் பாத்திரம் 90 சென்டிமீட்டர் ஓடியிருக்கும், ஒரு கதவின் அகலம். அவர் குறிபார்த்துச் சுடுகிறார். சர்வர் என்ன தீர்ப்புச் சொல்ல வேண்டும்?

வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-ல் எழுதிய கட்டுரை விளக்கும் முறையைப் பல கேம்கள் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன. சுட்டவரின் தாமதம் எவ்வளவு என்பது சர்வருக்குத் தெரியும். அந்த அளவுக்குக் காலத்தைப் பின்னோக்கி ஓட்டி, அவர் கண்ட இடத்தில் எதிரியை நிறுத்தி, குண்டு பட்டதா என்று பார்க்கும். பட்டிருந்தால் பட்டதுதான். சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருப்பதாக நினைத்த சென்னைக்காரர் செத்து விழுவார்; உடனே ‘ஹேக்கர்’ என்பார். மலைக்காரரோ தான் பார்த்துச் சுட்டதாகச் சத்தியம் செய்வார். இருவர் சொல்வதும் நிஜம்.

காலத்தை எவ்வளவு தூரம் பின்னோக்கி ஓட்டலாம் என்பதற்கு ஓர் எல்லை வைக்க வேண்டியிருக்கிறது. வைக்காவிட்டால் வேண்டுமென்றே நெட்டைக் கெடுத்துக்கொண்டு ஆடுகிறவன் ஜெயிப்பான். எல்லையைத் தாண்டிய தாமதத்தில் சுட்டவருக்கு ரத்தம் தெறிப்பது தெரியும், எதிரிக்கு டேமேஜ் ஆகாது. அந்த எல்லை 200 மில்லி விநாடியா 400-ஆ என்பதை எந்த விதியும் தீர்மானிக்கவில்லை. ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தீர்மானிக்கிறார். மலையிலிருந்து ஆடுகிறவர் போட்டியாளரா, வெறும் இலக்கா என்பது அந்த எண்ணில் அடங்கியிருக்கிறது.

போனின் கதை இதைவிட எளிது. விநாடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் திரையில் 33 மில்லி விநாடிக்கு ஒரு படம். 90 ஃப்ரேமில் 11 மில்லி விநாடிக்கு ஒன்று. எதிரி சுவரோரம் தலை நீட்டுவதை 90 ஃப்ரேம்காரர் முதலில் பார்ப்பார். அந்த வசதியைத் தேர்ந்த சில போன்களுக்கு மட்டும் திறந்துவிடுவது நியாயமா என்பது பி.ஜி.எம்.ஐ ஆட்டக்காரர்களிடையே தீராத வழக்கு. விலை குறைந்த போன் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளச் சிப்பின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடைசி வட்டத்தில், சண்டை உச்சத்தில் இருக்கும்போது ஃப்ரேம் விழுவது பெரும்பாலும் இதனால்தான். அதை நெட் மேல் பழி போடுகிறவர்கள் அதிகம். ஒரு ஜி.பி.யைத் தாண்டும் அப்டேட்டுகளும் உண்டு, தினம் 1.5 ஜி.பி. பேக் போட்டவருக்கு அன்றைய டேட்டா அதோடு சரி.

எளிய போனுக்காகவே கட்டப்பட்ட கேம்கள் இல்லாமலில்லை. பப்ஜி மொபைல் லைட் 2019 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தது: 100 பேருக்குப் பதில் 60 பேர், சிறிய மேப். 2020 தடையில் அதுவும் போயிற்று, பி.ஜி.எம்.ஐ-க்கு லைட் வேண்டும் என்ற கோரிக்கை பலமுறை எழுந்தது. 50 பேர், பத்து நிமிடச் சண்டை என்ற அளவில் நின்ற ஃப்ரீ ஃபயர் கிராமங்களில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். 2022 பிப்ரவரியில் அதுவும் தடைக்கு உள்ளானது.

புகாருக்கு நிறுவனங்கள் செவிசாய்ப்பதும் உண்டு. பப்ஜி நிறுவனம் 2018 ஆகஸ்டில், பழுதுகளைச் சரிசெய்வோம் என்று அறிவித்து, என்னென்ன செய்யப்போகிறோம் என்ற பட்டியலையும் வெளியிட்டது. கோளாறுகளுக்கு அந்த வழி போதும். தாமதத்துக்குப் போதாது. ஒத்த பிங் உள்ளவர்களை மட்டும் ஒரே ஆட்டத்தில் சேர்ப்பது ஆட்டக்காரர்கள் சொல்லும் தீர்வு. ஆனால் அதிக பிங்கில் ஆடுகிறவர்கள் ஒரு நேரத்தில் நூறு பேர் கிடைப்பது கடினம். லாபியில் காத்திருப்பு நீளும். காத்திருக்க வைக்காமல் இருக்க வேண்டுமானால் காலி இடங்களைப் பாட்களால் நிரப்ப வேண்டும். 2020-ல் கணினிப் பப்ஜியில் பாட்களைச் சேர்த்தபோது, இனி ஜெயிப்பதில் என்ன இருக்கிறது என்று பழைய ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். லேக்கைத் தீர்க்கப் போய் அந்தச் சண்டை அமைப்பின் பக்கம் வந்து நிற்கிறது.