பழைய இரும்புக் கடையில் ஒரு கீபோர்டு

நீலகிரியின் மஞ்சூரில் பசுந்தேயிலைக் கணக்கு பார்த்த கணினிகளும் ஒரு நாள் பழசாகும். திரை, பெட்டி, வயர் என்று எல்லாமே மூட்டையாகி எடைக்குப் போகும். அந்த மூட்டையில் யாரும் சீந்தாத பொருள் கீபோர்டு. ஆனால் உலகில் சில பழைய கீபோர்டுகள் புது மடிக்கணினியைவிட அதிக விலைக்குப் போகின்றன. ஒன்றை எடைக்குப் போடலாமா, பத்திரப்படுத்தலாமா என்று சொல்லப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. விரலும் காதும் கண்ணும் போதும்.

முதலில் ஒரு விசையை அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே இருப்பது ரப்பர் கிண்ணம். மிகப் பெரும்பாலான கீபோர்டுகள் இந்த ரகம்தான். இவற்றுக்கு எடைக்கு மேல் விலை கிடையாது. 'டக்' என்று சத்தம் வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். நம் ஊரில் அது டி.வி.எஸ். கோல்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பில் போடும் மேசைகளிலும் டி.டி.பி. கடைகளிலும் வருடக்கணக்கில் அடி வாங்கியும் அசராத கீபோர்டு அது. ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி சுவிட்ச் உண்டு. நல்ல பொருள், ஆனால் அரியது அல்ல.

அடுத்தது வடிவம். அதற்கு முன் உங்கள் கையைப் பாருங்கள். நின்றபடி கையைத் தொங்கவிட்டால் உள்ளங்கை தொடையைப் பார்த்தபடி இருக்கும். அதே கையை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதன்மேல் குறுக்காகப் புரள்கிறது. இனி இரண்டு கைகளையும் நேர்வரிசை விசைகளின்மேல் கொண்டுவாருங்கள். மணிக்கட்டுகள் சுண்டுவிரல் பக்கமாக ஒடிகின்றன. எட்டு மணி நேரம் தட்டச்சு செய்பவரின் கை இந்த முறுக்கிலும் ஒடிப்பிலும்தான் கிடக்கிறது. உடம்புக்கு ஏற்றபடி கருவியை வடிவமைக்கும் துறைக்குப் பணிச்சூழலியல் என்று பெயர். அது சொல்லும் தீர்வு எளிது: கீபோர்டை இரண்டாகப் பிள, பாதிகளை விலக்கி வை, நடுவைக் கூரைபோல உயர்த்து.

இந்த யோசனை கணினியைவிடப் பழையது. ஜெர்மனியின் கிளாக்கன்பெர்க் 1926-லேயே தட்டச்சுப்பொறிக்கு இதைச் சொல்லிவிட்டார். 1970-களில் பிரிட்டனில், தட்டச்சுப் பயிற்சி தந்த லிலியன் மால்ட்டும் பொறியாளர் ஸ்டீபன் ஹாப்டேயும் சேர்ந்து மால்ட்ரான் கீபோர்டை உருவாக்கினார்கள். விரல்களின் நீளம் வேறுபடுவதால் அதன் விசைகளைக் குழிவான பரப்பில் பதித்தார்கள். 1993-ல் ஆப்பிளும் 1994-ல் மைக்ரோசாஃப்ட்டும் பிளவு கீபோர்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன.

சேகரிப்பாளர்களின் கனவு அந்தக் காலத்து இன்னொரு கீபோர்டு. 1990-களின் நடுவில் ஐ.பி.எம். பெயரில் லெக்ஸ்மார்க் நிறுவனம் தயாரித்த எம்15. அதன் இரண்டு பாதிகளையும் சேர்த்தால் சாதாரண கீபோர்டு. நடுவிலிருக்கும் மூட்டைத் தளர்த்தினால் பாதிகள் விலகும், சாயும், கூரைபோல எழும். முழுசாகக் கழற்றித் தனித்தனியாகவும் வைத்துக்கொள்ளலாம்.

அதன் விசைக்குள்தான் பெரிய வித்தை. துடைப்பத்து ஈர்க்குச்சி ஒன்றின் இரு முனையையும் பிடித்து உள்நோக்கி அழுத்திப் பாருங்கள். கொஞ்ச நேரம் விறைத்து நிற்கும். பிறகு சட்டென்று பக்கவாட்டில் வளைந்துவிடும். ஐ.பி.எம். பொறியாளர் ரிச்சர்ட் ஹாரிஸ் 1970-களின் தொடக்கத்தில் இந்தத் திடீர் வளைவையே சுவிட்சாக மாற்றினார். விசைக்குள் நிற்கும் சுருள்வில் ஒரு கட்டத்தில் மடிகிறது, மடியும் வேகத்தில் அடியிலுள்ள குட்டிச் சுத்தியலைச் சாய்க்கிறது, சுத்தியல் மின்தடம் பதித்த பிளாஸ்டிக் தாள்களை அழுத்துகிறது, எழுத்து பதிவாகிறது. வில் மடிவதும் சத்தம் கேட்பதும் எழுத்து விழுவதும் ஏறக்குறைய ஒரே கணத்தில். எழுத்து விழுந்ததா என்று பார்க்கத் திரைக்குத் தலை நிமிர வேண்டாம், விரலே சொல்லிவிடும்.

விசை மூடியைத் தடவிப் பாருங்கள். மலிவான மூடியில் எழுத்து மேலே அச்சடிக்கப்பட்டிருக்கும், நாளாவட்டத்தில் அழிந்துபோகும். எம்15 அடங்கிய ஐ.பி.எம்.மின் எம் குடும்பத்தில் சாயத்தைச் சூடாக்கிப் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறவைத்தார்கள். முப்பது வருடம் அடித்தாலும் எழுத்து அப்படியே நிற்கும்.

ஆனால் மஞ்சூர் இருக்கும் குந்தா மலைச்சரிவின் மழையும் மூடுபனியும் இரும்பைச் சும்மா விடாது. அதனால் விலை பேசுமுன் கீபோர்டைத் திருப்புங்கள். பின்புறச் சீட்டில் பாகத்தின் எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கும். சீட்டுக் கிழிந்திருந்தால் மதிப்புக் குறையும். மெல்லக் குலுக்குங்கள். உள்ளே கடகடவென்றால் பிளாஸ்டிக் ஆணிகளின் தலைகள் உதிர்ந்திருக்கின்றன. இரும்புத் தகட்டையும் மின்தாள்களையும் இறுக்கிப் பிடிப்பவை அவைதான். ஓரிரு மூடியைக் கழற்றி வில்லில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் வயரின் முனை. அந்தக் காலத்து வட்டப் பிளக் இன்றைய யூ.எஸ்.பி. துளையில் நுழையாது, இடையில் ஒரு மாற்றி வேண்டும்.

நல்ல நிலையில் உள்ள எம்15 ஆயிரம் டாலரைத் தாண்டி விலைபோயிருக்கிறது. அதாவது 80,000 ரூபாய்க்கு மேல். புதிதாக வந்தபோது அதிகம் பேர் வாங்கவில்லை, அதனாலேயே இன்று அரிது. மஞ்சூர் மூட்டையில் அது கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

ஆனால் கையின் வேலையைக் குறைக்கக் கீபோர்டைப் பிளக்கத்தான் வேண்டும் என்பதில்லை. எழுத்துகளை இடம் மாற்றினாலும் போதும். 1999-ல் சென்னையில் தமிழ்க் கணிமைக்கான தமிழ்நெட் மாநாடு நடந்தது. அதையொட்டி அதே ஆண்டில் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இந்த வழியில் போனது. 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி என 31 விசைகளில் 247 எழுத்தும் அடங்கிவிட்டன. உயிரெல்லாம் இடக்கைக்கு, மெய்களில் வ, ங தவிர மற்றவை வலக்கைக்கு. க, ப, ம, த போல அடிக்கடி வருபவை விரல்கள் ஓய்வாக இருக்கும் நடுவரிசையில்.

'மஞ்சூர்' என்று அடித்துப் பாருங்கள். ம, ஞ, ச, ஊ, ர, புள்ளி. ஆறே தட்டு. ஞ-வை அடுத்து ச வந்ததும் ஞ்-இன் புள்ளி தானாக விழுகிறது. ச-வோடு ஊ சேர்ந்து சூ ஆகிறது. ச வலக்கை, ஊ இடக்கை, ர வலக்கை, புள்ளி இடக்கை. ஒரு கை அடிக்கும்போது மறு கை அடுத்த விசைக்குத் தயாராகிவிடுகிறது.

எடைக்கு வந்த பத்து ரூபாய்க் கீபோர்டிலும் இது வேலை செய்யும். கணினியின் மொழி அமைப்பில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்தால் போதும். செலவு ஒரு பைசா இல்லை.