உடைக்கும் வரைபடம் வேண்டும்

வீடு கட்டுவோர் கடைகால் தோண்டுமுன் வரைபடம் தயாரிக்கின்றனர். உடைக்கும் அத்தகைய வரைபடம் உண்டு என்பதைக் கிராமத்தார் பலர் அறியார்.

பெருங்களத்தூர் 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. அதனை அடுத்த ஊராட்சிகளில் தையல் அறிந்த மகளிர் பலர் உளர். தாம்பரத்தில் 1984ஆம் ஆண்டில் அமைந்த ஏற்றுமதி மண்டலத்தில் ஆயத்த ஆடைகள் தயாராகின்றன. தரமணியில் 1995ஆம் ஆண்டு முதல் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் நடைபெறுகின்றது. அங்கெல்லாம் வேலை படத்தில் தொடங்குகின்றது. நம் ஊர்களிலோ பெரும்பாலும் கத்தரிக்கோலில் தொடங்குகின்றது.

இப்படம் மூன்று நிலைகளை உடையது. முதலாவது, உடை அணிந்த உருவத்தின் கோட்டுப்படம். மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை அளவாகும். வடிவமைப்பாளர் வரையும் உருவமோ ஒன்பது தலை அளவு நெடியது. உடையின் தொங்கலும் மடிப்பும் நன்கு விளங்கவே இவ்வாறு நீட்டி வரைகின்றனர். ஆதலால் இதைக் கொண்டு நேரே துணியை வெட்டலாகாது.

இரண்டாவது, உடையைப் பாயில் விரித்தாற்போன்ற தட்டைப் படம். முன்புறம், பின்புறம், தையற்கோடு, பை, பொத்தான் பட்டி ஆகியவற்றை அளவுகளுடன் இது காட்டும்.

மூன்றாவது, காகித வெட்டு. உடல் அளவோடு அசைவதற்கு வேண்டிய தளர்வையும், தையலுக்குள் மடியும் துணியையும் கூட்டித் தாளில் வரைந்து வெட்டுவர். பாவு நூலின் திசையை அம்புக்குறியால் குறிப்பர். இத்திசை பிசகினால் துவைத்தபின் உடை முறுக்கிக்கொள்ளும்.

காகிதத் துண்டுகளைத் துணிமேல் நெருக்கி அடுக்கிப் பார்த்தபின் வெட்டினால் துணி மிச்சமாகும். ஒரு சட்டைக்கு 10 சென்டிமீட்டர் மிஞ்சினால் 400 சட்டைகளுக்கு 40 மீட்டர் மிஞ்சும். பள்ளிச் சீருடைகளைத் தைக்கும் மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இக்கணக்கு மிகவும் முக்கியமானது.

சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் கீழ் ஏழை மகளிருக்கு அரசு இலவசத் தையல் இயந்திரம் வழங்குகின்றது. பிறர் வெட்டிக் கொடுத்ததை இணைப்பவருக்குத் தையற்கூலி மட்டுமே கிட்டும். வரையவும் வெட்டவும் கற்றவரோ தாமே வேலை பிடித்து விலை பேச இயலும். மேலும், துணி கொடுத்தவர் படத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டபின், "நான் கேட்டது இதுவன்று" என்று கூலியைக் குறைக்க இடமிராது.

ஆகவே, ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் தம் ஊரில் தையற் பயிற்சி நடைபெறும்போது, வரைதலும் காகித வெட்டும் பாடத்தில் உள்ளனவா என்று விசாரித்தல் நலம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. பழைய செய்தித்தாள், அடிக்கோல், அளவு நாடா, பென்சில் ஆகியவை போதும். தாளில் நேர்ந்த பிழையை அழித்துத் திருத்தலாம். வெட்டிய துணியை ஒட்டவைக்க இயலாது. உழவர் பெருமக்கள் தம் வீட்டுப் பெண்களை இப்பயிற்சிக்கு அனுப்பி வைப்பார்களாயின், வேளாண்மை வேலை இல்லாத மாதங்களிலும் குடும்பத்திற்கு வருவாய் கிட்ட வழியுண்டு.