உங்களுக்குத் தெரியுமா? நீதி கேட்டு நாடு கடந்து போகும் வழக்கறிஞர்கள்

● நியூரம்பெர்க்கில் 1947இல் தொடங்கிய நாஜிக் கொலைப்படை வழக்கில் தலைமை அரசு வழக்கறிஞராக நின்ற பென் ஃபெரன்ஸுக்கு வயது 27. அவர் நடத்திய முதல் வழக்கே அதுதான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்ற படைகளின் அதிகாரிகள்தாம் எதிரிகள். எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை பேரைச் சுட்டோம் என்று அவர்களே பெர்லினுக்கு எழுதி அனுப்பிய அறிக்கைகளை அவர் ஆதாரமாக வைத்தார். இரண்டே நாளில் அரசுத் தரப்பு முடிந்தது. தீர்ப்பளிக்கப்பட்ட 22 பேரும் குற்றவாளிகள்!

● இனப்படுகொலையைச் சர்வதேசச் சட்டத்தில் குற்றமாக்கப் போராடிய ரஃபேல் லெம்கின், 'மனித குலத்துக்கு எதிரான குற்றம்' என்ற கருத்தை நியூரம்பெர்க் விசாரணைக்குள் கொண்டுவந்த ஹெர்ஷ் லௌட்டர்பாக்ட் இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர்கள். இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரில் இருக்கிறது அது. இருவரும் பெற்றோரையும் உறவினர் பலரையும் நாஜிகளிடம் பறிகொடுத்தார்கள்.

● தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு தமிழ்ப் பேருந்து ஓட்டுநரின் மகளாக 1941இல் பிறந்தவர் நவநீதம் பிள்ளை. வெள்ளையர் நடத்திய சட்ட நிறுவனங்களில் வேலை கிடைக்காததால் 1967இல் சொந்தமாக அலுவலகம் திறந்தார். நேட்டால் மாகாணத்தில் வெள்ளையர் அல்லாத ஒரு பெண் அப்படித் திறந்தது அதுவே முதல்முறை. ராபன் தீவில் நெல்சன் மண்டேலாவோடு அடைக்கப்பட்டிருந்த அரசியல் கைதிகளுக்கு வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை 1973இல் வாதாடிப் பெற்றுத் தந்தவர் இவர்தான்.

பிறகு ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. அமைத்த தீர்ப்பாயத்தின் நீதிபதியானார். தான்சானியாவின் அருஷா நகரில் அது இயங்கியது. ழான் பால் அகாயேசு என்ற மேயர் மீதான முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரிகூட இல்லை. சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் சிறு மகளுக்கு நேர்ந்ததை 1997இல் தானாகவே சொன்னார். நீதிபதிகள் அந்த இடத்தில் நிறுத்தி மேலும் கேட்டார்கள். அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் பிள்ளை. குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, வல்லுறவும் இனப்படுகொலையின் கருவியாகலாம் என்று உலகில் முதன்முறையாகச் சொன்னது. கேட்கத் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தது எவ்வளவு பெரிய விஷயம்! ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்தவரும் இவரே.

● மனித உரிமை நிலையை ஆராய ஐ.நா. நியமிக்கும் சிறப்பு அறிக்கையாளர்களுக்குச் சம்பளம் கிடையாது. பயணச் செலவும் அலுவலக உதவியும் மட்டுமே. பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்து 1994இல் இப்பொறுப்பை முதன்முதலில் ஏற்றவர் இலங்கைத் தமிழ் வழக்கறிஞர் ராதிகா குமாரசுவாமி.

● ஒரு சர்வாதிகாரியைக் கூண்டில் ஏற்ற எத்தனை ஆண்டுகள் ஆகும்? ஆப்பிரிக்காவின் சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்ட ஹிசென் ஹப்ரே செனகலுக்குத் தப்பியோடினார். அவருடைய சிறையில் சாவைத் தொட்டுத் திரும்பிய சுலைமான் கெங்கெங், தன்னைப் போன்ற நூற்றுக்கணக்கானோரின் வாக்குமூலங்களைத் திரட்டி, பல ஆண்டுகள் ஒளித்து வைத்திருந்தார். வழக்கு 2000ஆம் ஆண்டில்தான் பதிவானது. மறு ஆண்டு, கைவிடப்பட்ட ரகசியப் போலீஸ் கட்டடத்தில் ஆயிரக்கணக்கான ஆவணங்கள் தரையில் சிதறிக் கிடப்பதை மனித உரிமை ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். காவலில் இறந்த 1,208 பேரின் பெயர்கள் அவற்றில் இருந்தன.

பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர் ஜாக்குலின் முடேய்னா மீது அதே 2001இல், ஒரு பெண்கள் போராட்டத்தில், கையெறி குண்டு வீசப்பட்டது. சிகிச்சை முடித்துத் திரும்பி வந்து வழக்கைத் தொடர்ந்தார். வழக்கு பெல்ஜியம் போனது, ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் போனது, மீண்டும் செனகலுக்கே வந்தது. ஹப்ரேவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட நாள் 30 மே 2016. ஒரு நாட்டின் முன்னாள் அதிபரை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் மனித உரிமைக் குற்றங்களுக்காகத் தண்டித்தது அதுவே முதல்முறை.

● சிரியா, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பு நாடு அல்ல. ஐ.நா. பாதுகாப்பு அவை வழியே வழக்கை அங்கே அனுப்ப 2014இல் நடந்த முயற்சியை ரஷ்யாவும் சீனாவும் தடுத்துவிட்டன. அதே ஆண்டு பெர்லினில் ஒரு அகதிகள் விடுதி அருகே சிரிய வழக்கறிஞர் அன்வர் அல்-புன்னி ஒருவரை எதேச்சையாகப் பார்த்தார். டமாஸ்கஸில் தன்னைக் கைது செய்த உளவுத்துறை அதிகாரி அன்வர் ரஸ்லான்! அல்-புன்னியும் சகாக்களும் அகதிகளிடையே சாட்சிகளைத் தேடினார்கள். கோப்லென்ஸ் நீதிமன்றம் 2022 ஜனவரியில் ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மனித குலத்துக்கு எதிரான குற்றம் எங்கே நடந்திருந்தாலும் விசாரிக்கலாம் என்று ஜெர்மன் சட்டம் இடம் கொடுப்பதால் இது முடிந்தது.

● ரோஹிங்கியாக்களுக்காக மியான்மர் மீது 2019இல் ஹேக்கில் வழக்குத் தொடுத்தது எந்த வல்லரசும் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு காம்பியா. அதன் அன்றைய நீதி அமைச்சர் அபூபக்கர் தம்பாது, ருவாண்டா தீர்ப்பாயத்தில் அரசுத் தரப்பில் பணியாற்றியவர். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் உள்ள ரோஹிங்கியா அகதி முகாம்களில் கேட்ட கதைகள் அவருக்கு ருவாண்டாவை நினைவூட்டின.

● ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை. ஆனால் உள்நாட்டு நீதிமன்றங்களை எல்லாம் முதலில் ஏறி இறங்கியிருக்க வேண்டும். அங்கே இறுதித் தீர்ப்பு வந்த நான்கு மாதத்துக்குள் மனுவை அனுப்பிவிட வேண்டும். தேதி தவறினால் எவ்வளவு வலுவான வழக்கும் வாசலிலேயே நின்றுவிடும்.

● ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் தனிநபரே புகார் தரலாம். இதற்கான நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. இலங்கை 1997இல் சேர்ந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தண்டிக்கப்பட்ட ஒரு தமிழ்க் கைதி அந்த வழியில் போனார். சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் அவருடைய கைநாட்டு. அது அடித்துப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையும் அவர் தலையிலேயே. 35 ஆண்டுச் சிறை. நியாயமான விசாரணை மறுக்கப்பட்டதாக 2004இல் குழு சொன்னது. ஆனால் இலங்கை உச்ச நீதிமன்றம் 2006இல், நாடு அந்த நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று கூறி அவருடைய மனுவைத் தள்ளிவிட்டது. வென்ற வழக்கின் பலன் கைதிக்குப் போய்ச் சேராத அநியாயத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என் நினைவில் இல்லை.