கிரேக்கர்களைக் கடல் கடத்திய ‘ஆஸ்திராலிஸ்’

1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள். கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ‘ஆஸ்திராலிஸ்’ என்ற பெரிய பயணிக் கப்பல் புறப்பட்டது. அது போக வேண்டிய இடம் ஆஸ்திரேலியா. கப்பலின் மேல்தட்டில் நின்றவர்களில் பலர் சுற்றுலாப் பயணிகள் அல்லர். பிழைப்புத் தேடிப் புறப்பட்ட குடும்பத்தினர். இரண்டாம் உலகப்போரும், அதைத் தொடர்ந்து 1949 வரை நீடித்த உள்நாட்டுப் போரும் கிரேக்கத்தை வறுமையில் ஆழ்த்தியிருந்தன. ஆஸ்திரேலியாவுக்கோ உழைக்கும் கைகள் தேவைப்பட்டன. பயணச் செலவுக்கு உதவி செய்து ஆட்களை அழைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் 1952இல் ஏற்பட்டது. கரையில் நின்று கையசைத்த பெற்றோரை மீண்டும் பார்ப்போமா என்பது, கப்பலில் இருந்த பலருக்கு விடை தெரியாத கேள்விதான்.

இந்தக் கப்பல் கிரேக்கத்தில் பிறந்ததன்று. வில்லியம் பிரான்சிஸ் கிப்ஸ் என்ற பொறியியல் வல்லுநரின் திட்டப்படி, அமெரிக்காவின் நியூபோர்ட் நியூஸ் கப்பல் தளத்தில் கட்டப்பட்டது. நீளம் 220 மீட்டர், அகலம் 28 மீட்டர். 1939 ஆகஸ்டு 31 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் இதை நீரில் இறக்கிவைத்து, ‘அமெரிக்கா’ என்று பெயரிட்டார். மறுநாளே ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது, உலகப்போர் மூண்டது!

கப்பலுக்கு இரண்டு புகைபோக்கிகள். அவற்றுள் முன்னது வெறும் அழகுக்கு வைத்த போலி என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? முதலில் இரண்டையும் குட்டையாகவே அமைத்திருந்தார்கள். கரித்தூள் மேல்தட்டில் வந்து விழவே, பிறகு 15 அடி உயர்த்த வேண்டியதாயிற்று.

1941இல் கடற்படை இதை எடுத்துக்கொண்டு ‘வெஸ்ட் பாயிண்ட்’ என்று பெயர் மாற்றிப் படைவீரர்களை ஏற்றியது. 1,202 பயணிகளுக்காகக் கட்டிய கப்பலில், ஒரு பயணத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சென்றிருக்கிறார்கள். கப்பல் மூழ்கிவிடாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூட்டையோடு ஓர் ஆளுக்கு 100 கிலோகிராம் என்று தாராளமாகவே வைத்தால், 9,000 பேரின் எடை 900 டன். நீர்மட்டத்தில் கப்பலின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 4,300 சதுர மீட்டர் இருக்கும் (220 × 28 என்பதில், முனைகள் குறுகுவதால் 0.7 பங்கு). ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, கூடுதலாக 900 டன் கடல்நீரை வெளியேற்றினால் போதும். அதற்குக் கப்பல் இறங்க வேண்டிய ஆழம் சுமார் 20 சென்டிமீட்டர். ஒரு சாண், அவ்வளவுதான்! உணவும் படுக்கையும்தான் உண்மையான சிக்கல், மிதப்பு அன்று.

1964இல் கிரேக்கத்தின் சாண்ட்ரிஸ் நிறுவனம் கப்பலை வாங்கியது. புதிய அறைகளைக் கட்டி, 2,258 பேர் ஒரே வகுப்பில் செல்லும்படி மாற்றியது. நீலப் புகைபோக்கியில் வெள்ளை நிறத்தில் ஒரு கிரேக்க எழுத்து. பார்ப்பதற்கு ஆங்கில எக்ஸ் போலிருக்கும். உண்மையில் அது ‘கை’, அந்த நிறுவனப் பெயரின் முதல் எழுத்து. காந்த ஏற்புத்திறனைக் குறிக்க நாம் எழுதுகிறோமே, அதே எழுத்து.

1967இல் சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. 1973இல் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. வாரக்கணக்கில் செல்லும் பயணத்தை ஜெட் விமானம் ஓரிரு நாளில் முடித்தது. 1977 நவம்பரில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்பியதே ஆஸ்திரேலியாவுக்கு இதன் கடைசிப் பயணம். பிறகு கைகள் மாறின, பெயர்களும் மாறின.

1993 டிசம்பர் இறுதியில், ‘அமெரிக்கன் ஸ்டார்’ என்ற பெயருடன், தாய்லாந்தில் மிதக்கும் விடுதியாக்குவதற்காகக் கிரேக்கத்திலிருந்து இழுத்துச் சென்றார்கள். அட்லாண்டிக் புயலில் இழுவைக் கயிறு அறுந்தது. கப்பலில் இருந்த நால்வரை ஹெலிகாப்டர் மீட்டது. 1994 ஜனவரி 18 அன்று கேனரித் தீவுகளில் ஒன்றான ஃபுவெர்ட்டவெஞ்சுராவின் கரையில் கப்பல் தரைதட்டியது. 48 மணி நேரத்துக்குள் இரண்டாக உடைந்தது!

ஐம்பதாண்டுக் காலம் கடலைத் தாங்கிய எஃகு, கரையில் இரண்டு நாளில் எப்படி முறிந்தது? மிதக்கும் கப்பலை நீர் அதன் நீளம் முழுவதிலும் தாங்குகிறது. தரைதட்டியபின் முன்பகுதி மணலில் அசையாமல் நின்றது. பின்பகுதியை மட்டும் ஒவ்வோர் அலையும் தூக்கித் தூக்கிப் போட்டது. பாதி மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவுகோலை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிமுனையை மேலும் கீழும் அசைத்தால், மேசை விளிம்புக்கு அருகில்தான் வளைவு மிகுதி. முனை தாழும்போது அங்கே மேற்புறம் இழுவிசைக்கும் அடிப்புறம் அமுக்கத்துக்கும் உள்ளாகின்றன. உயரும்போது இது தலைகீழாகும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து ஒடிப்பீர்களே, அதுவேதான். இரண்டாவது புகைபோக்கிக்குச் சற்றுப் பின்னால் எஃகு கிழிந்தது.

பின்பகுதி 1996இல் கடலுள் சரிந்தது. முன்பகுதி மட்டும் மேலும் பத்தாண்டுக்குமேல் தனியே நின்றது. 2005இல் அதன் ஒரு பக்கம் இடிந்து, 2007இல் அதுவும் சாய்ந்தது. இப்போது நீர் வற்றும் நேரத்தில்தான் சில துண்டுகள் தலைகாட்டுகின்றன.