ஒரு காற்றுக்கு எத்தனை விடை?

அஞ்சுகிராமத்தில் நின்று வடக்கே, முப்பந்தல் பக்கம் திரும்பினால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை காற்றாலைகள். ஊர்ப்பேச்சில் காத்தாடி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து ஆனி, ஆடியில் பாய்கிற தென்மேற்குக் காற்று அவற்றுக்குத் தீனி. பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடமான 'உறவுகளும் சார்புகளும்' பிடிபடாத பிள்ளைக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எழுதுவோம். 2 என்றால் மின்சாரம் சுழி. 3, 4-ஐத் தாண்டினால் உற்பத்தி தொடங்கும். 12, 13 வாக்கில் முழுத் திறன். அதற்குமேல் காற்று ஏறினாலும், இன்றைய காத்தாடிகள் இறக்கையைச் சற்றே திருப்பி, திறனை அதே அளவில் வைத்துக்கொள்ளும். 25 வந்தால், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர், பாதுகாப்புக்காக நின்றுவிடும்.

மதிப்பகத்தில் (இங்கே காற்றின் வேகங்கள்) இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நிழல் உரு (இங்கே கிடைக்கும் திறன்) இருந்தால் அந்த உறவு சார்பு. எதுவும் விடுபடக் கூடாது. எதற்கும் இரண்டு விடை கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. வாய்பாடு ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை; 1837-லேயே கணித அறிஞர் டிரிக்லே அதைத் தெளிவாக்கிவிட்டார்.

14-க்கும் முழுத் திறன், 20-க்கும் முழுத் திறன். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். விடை ஒன்றாக இருப்பதில் குற்றமில்லை; அது பலவற்றிற்கொன்று சார்பு. ஆனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: முழுத் திறன் வருகிறது, காற்று எவ்வளவு? 14-ஆ, 20-ஆ? சொல்ல முடியாது. திருப்பிய உறவு சார்பல்ல.

வரைபடம் இருந்தால் வேலை இன்னும் சுலபம். அடிக்கோலை நெட்டுக்குத்தாக வைத்து இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். எங்காவது அது வரைபடத்தை இரண்டு இடத்தில் வெட்டினால் சார்பு இல்லை. குத்துக்கோட்டுச் சோதனை என்பது இதுவே.

நம் காத்தாடி இதில் தேறுமா? நின்றுபோனது, காற்று 24-க்கு இறங்கியதும் உடனே ஓடாது. ஓடினால் நிற்பதும் கிளம்புவதுமாக இயந்திரம் தேய்ந்துபோகும். பல காத்தாடிகள் 20 அளவுக்கு இறங்கும்வரை காத்திருக்கும். ஆகவே காற்று 22-இல், ஓடிக்கொண்டிருப்பது முழுத் திறன் தரும், நின்றிருப்பது சுழி. அடிக்கோல் இரண்டு இடத்தில் வெட்டுகிறது!

பழுது காத்தாடியில் இல்லை, நாம் கேட்ட விதத்தில். வேகத்தோடு நிலையையும் சேர்த்துச் சோடியாக எழுதினால், (22, ஓடுகிறது), (22, நிற்கிறது) இரண்டும் வேறுவேறு உறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் விடை ஒன்றுதான். காத்தாடியின் கட்டுப்பாட்டுக் கணினியும் வேகம், நிலை இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது.