மாக்கல்லில் பதிந்த வணக்கம்

காற்று ஓய்ந்த நடுப்பகலிலும் தளும்பிக்கொண்டே இருக்கும் அரசமரத்து இலைகளை அண்ணாந்து பார்க்க நமக்கு நேரமில்லை. நிழலுக்கு ஒதுங்குகிறோம், போய்விடுகிறோம். நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு சிந்து நதியோரத்து மொகஞ்சதாரோவில் வாழ்ந்த ஒரு கைவினைஞர் அப்படிப் போய்விடவில்லை. அந்த மரத்தைத் தெய்வம் குடியிருக்கும் கோயிலாகவே கண்டார். உள்ளங்கைக்குள் மறையும் ஒரு முத்திரையில் வடித்தும் வைத்தார்.

என்ன நுட்பம் அது! அரசங்கிளைகள் இருபுறமும் வளைந்தெழ, நடுவே கொம்புமுடி தரித்து, கை நிறைய வளைகளோடு நிற்கிறது ஓர் உருவம். எதிரே ஒருவர் மண்டியிட்டுக் கைநீட்டி வணங்குகிறார். அவருக்குப் பின்னால் பெரிய ஆட்டுக்கடா. கீழே சடை தொங்க அணிவகுத்து நிற்கும் ஏழு பேர். களிமண்ணில் நேராகப் பதிய வேண்டுமே என்று, இத்தனையையும் இடவலம் மாற்றிச் செதுக்கியிருக்கிறது அந்தக் கை.

அதற்கு இடங்கொடுத்த கல்லும் அற்புதமே. நம் பாட்டிமார் குழம்பு வைத்த கல்சட்டியின் அதே மாக்கல்தான். நகம் பட்டாலே கீறல் விழும் மென்மை. சூளையில் சுட்டெடுத்தாலோ வெளுத்து இறுகி, யுகங்களைத் தாங்கும் வன்மை. குழையவும் உறுதிப்படவும் ஒரு கல்லுக்குள் இயற்கை வழி வைத்திருக்கிறது.

அதே ஊரில் 1928-29 அகழாய்வில் கிடைத்த இன்னொரு முத்திரை உலகறிந்தது. நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவான சதுரம். அதற்குள் கால்மடக்கி அமர்ந்த கொம்புமுடி உருவம், சுற்றிலும் யானை, புலி, காண்டாமிருகம், எருமை, ஆசனத்தடியில் மான்கள். இவரே பசுபதி, சிவனின் ஆதி வடிவம் என்றார் தொல்லியலாளர் ஜான் மார்ஷல். எருமை முகத் தெய்வம் என்றனர் வேறு சிலர். பக்கத்திலேயே எழுத்துகள் உண்டு. அவற்றை ஐயமற வாசித்தவர் எவருமில்லை. ஆகவே அந்தத் தெய்வத்தின் பெயரை முத்திரை நமக்குச் சொல்லவில்லை.

ஆனால் முதல் முத்திரையில் மண்டியிட்ட முழங்காலுக்கு எழுத்து வேண்டுமா? மனிதர் தம்மினும் பெரிய ஒன்றின்முன் பணிந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. தெய்வத்தை அவர்கள் தனியே நிறுத்தவில்லை என்பதற்கு மரமும் விலங்கும் சாட்சி. விரலளவு இடத்திலும் யானைக்கும் மானுக்கும் பங்கு கிடைத்தது.

இன்று அந்தச் சிந்துவெளிக் காடுகளில் புலியும் இல்லை, காண்டாமிருகமும் இல்லை. பரந்த நிலத்தில் நாம் தராத இடத்தை அவர்கள் ஒரு சிறு கல்லில் தந்தார்கள். பக்தி என்றால் கைகூப்புவது மட்டுமன்று. சக உயிருக்கு ஒதுங்கி இடம் விடுவதும் பக்திதான்.